சேறு படாத ஜீப்

“மாமா, இந்த வண்டிக்கு நோவு வந்தா அத யாரு தூக்கிட்டுப் போவாங்க?”

கேட்டவள் துஷாந்தினி. ஐந்து வயது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, செம்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் கொழுந்து எடுக்கும் அனுஷியாவின் மகள். மேல்கணக்கில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, இரண்டு மூங்கிலைக் கட்டி, நான்கு பேர் நான்கு கிலோமீட்டர் கீழே தூக்கி வருவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது நியாயமான சந்தேகம்தான்.

பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்னவர், மலைநாட்டு அவசர ஊர்தி நலன்புரிச் சபையின் தலைவர் கஜேந்திரன். குழந்தையிடம் குனிந்து பேசுவது போல ஒரு படம் வேண்டும் என்று படம் பிடிப்பவர் சொல்லியிருந்தார். தலைவர் குனிந்தார். படம் எடுத்தாயிற்று. பிறகு நிமிர்ந்து, ஒலிவாங்கியில் சொன்னார்:

“மிக ஆழமான கேள்வி. இந்த ஊர்திக்கு நோய் வரவே கூடாது. அதற்காக இன்றே ஓர் உபகுழு அமைக்கிறோம்.”

யாரையும் தூற்றி எழுதுவது எனக்குப் பிடிக்காது. எல்லாருக்குள்ளும் இறைவன் இருக்கிறான் என்று நம்புகிறவன் நான். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று ஜீப்பின் கையளிப்பு விழா. வெளிநாட்டில் இருக்கும் நல்ல மனிதர்கள் சிலர், முகம் தெரியாத நம் சனங்களுக்காகச் சேர்த்து அனுப்பிய வண்டி. உள்ளே நோயாளியைப் படுக்க வைக்கும் கட்டில். வெள்ளத்தில் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாதிருக்கக் கண்ணாடியோரமாக மேலே போகும் குழாய். சேற்றில் புதைந்தால் கம்பியை மரத்தில் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு வின்ச். மேல்கணக்குப் பாதையை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பூட்டியிருந்தார்கள்.

வின்ச் அன்றே பயன்பட்டது. நினைவுப் பலகையின் திரையைக் கையால் இழுப்பது பழைய முறை என்று, திரையை வின்ச் கம்பியில் கட்டித் தலைவரிடம் பொத்தானைக் கொடுத்தார்கள். திரை வந்தது. திரையோடு பலகை வந்தது. பலகையோடு இரண்டு தூண்களும் வந்தன. கைதட்டல் கேட்டதில் தலைவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டதால், பந்தலின் ஒரு மூலையும் வந்து சேர்ந்தது. மறுநாள் வின்ச் கம்பியைக் கழற்றிக் களஞ்சிய அறையில் பூட்டினார்கள். ஆபத்தான கருவி என்று கோப்பில் எழுதினார்கள்.

ஜீப்புக்குச் சாரதியாக வந்தவன் காத்தமுத்து. பத்தொன்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவன். ஓட்டுவதற்குத்தான் தன்னை எடுத்திருக்கிறார்கள் என்று முதல் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தான்.

உபகுழு விதிகளை எழுதியது. ஆசனங்களிலும் கட்டிலிலும் போர்த்தி வந்த பிளாஸ்டிக்கைக் கழற்றக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் தூசி போகும் என்பதால் அதன் வாயில் ஒரு சொப்பிங் பேக்கைக் கட்ட வேண்டும். சில்லில் சேறு பட்டால் சாரதி இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் தினமும் கழுவ வேண்டும். கீழ்க்கணக்கு லயத்து வீடுகளுக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் வரும் குழாய்த் தண்ணீரில், ஜீப் குளித்தது போக மிச்சத்தைச் சனங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆயுதபூசைக்குத் தலைவர் தன் கையால் போட்ட மாலையைக் கழற்ற எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அது ரேடியேற்றரின் மேல் கிடந்து அழுகிக் கறுப்பாக ஒழுகியது. ஈ மொய்த்தது. பிளாஸ்டிக்கின் அடியில் பூஞ்சணம் பிடித்து, கதவைத் திறந்தால் ஈரக் கோழிக்கூட்டு வாடை அடித்தது. நோயாளிக் கட்டிலில் அதுவரை படுத்த நோயாளி யாருமில்லை. ஆனால் பொதுக்கூட்டத்தன்று புரியாணிச் சட்டிகள் அதில்தான் படுத்து வந்தன. பிளாஸ்டிக்குக்கு அடியிலும் ஊறிய எண்ணெய்க்கறை ஒரு மனிதனின் உருவம் போலவே மெத்தையில் பதிந்திருந்தது.

பணம் கொடுத்தவர்கள் மாதாமாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டார்கள். ஆகவே வண்டி கேகாலைக்குக் வழவழவென்று தார்க் காப்பெட் போட்ட பாதையில் வெறுமனே போய்த் திரும்பியது. சில நாட்கள் தலைவரின் விருந்தாளிகள் இருந்தார்கள். அறிக்கையில் அவர்கள் ‘பயனாளிகள்’.

மேல்கணக்கில் கதிரைகள் வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தன.

ஒருநாள் யாரோ வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டியதில், நான்கு சில்லையும் இழுக்க வைக்கும் அமைப்பை மாதம் ஒருமுறையாவது ஓட்டாவிட்டால் பல்சக்கரங்கள் இறுகிவிடும் என்று இருந்தது. தலைவருக்கு ‘மாதம் ஒருமுறை’ என்ற சொற்கள் பிடித்துப்போயின. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ‘நாற்சில்லு நாள்’ ஆயிற்று. காரியாலயத்துக்கு முன்னால் உள்ள சமதரை மைதானத்தில் தலைவரே வண்டியை ஓட்டுவார். சுற்றிலும் கதிரைகளில் அழைக்கப்பட்டவர்கள் இருப்பார்கள்.

முதல் விழாவன்று காத்தமுத்து பக்கத்தில் போய் நின்றான்.

“ஐயா, உள்ளுக்கு லீவர மட்டும் போட்டாப் பத்தாதுங்க. எறங்கி முன்னுக்கு ரெண்டு வீல்லயும் நடுவுல உள்ள ஹப்பத் திருகிப் பூட்டணும். இல்லாட்டி முன் வீல் ரெண்டும் சும்மாதான் உருளும்.”

“காத்தமுத்து, எனக்கு முப்பது வருஷ நிர்வாக அனுபவம். உள்ள இருந்தபடியே செய்ய ஏலுமான வேலைக்கு எதுக்கு வெளிய எறங்கணும்?”

லீவரைத் தள்ளினார். வண்டி மைதானத்தைச் சுற்றியது. ஒரு கையில் ஒலிவாங்கி.

“அன்பர்களே! நான்கு சில்லுகளும் ஒரே மனதோடு உழைப்பதை நீங்கள் இப்போது காண்கிறீர்கள். எங்கள் சபையும் இப்படித்தான். முன்னால் இருப்பவர்கள் இழுக்கிறார்கள். பின்னால் இருப்பவர்கள் வருகிறார்கள்!”

முன்னால் இருந்த இரண்டும் சும்மா உருண்டுகொண்டிருந்தன. பின்னால் இருந்த இரண்டும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போயின. இது காத்தமுத்துவுக்கு மட்டும் தெரியும். அவன் கைகட்டி நின்றான்.

அன்று பின்னேரமே கணக்காய்வாளர் பிரதாப் வந்தார். நான்கு சில்லும் இழுத்தால் டீசல் கூடக் குடிக்கும் என்று எங்கோ படித்திருந்தார். லீவரை யாரும் தொடாதபடி நூலால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, சபையின் முத்திரையைக் குத்தப் போனார். தலைவர் விழா முடிந்து, லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளாமல், நான்கு சில்லும் இழுக்கும் ‘ஃபோர் ஹை’ என்ற இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தார்.

“சேர், லீவரு இப்ப ஃபோர்வீல்ல…”

“பேசாதீங்க காத்தமுத்து. அரக்கு கோணலாகிடும்.”

முத்திரை நேராக விழுந்தது. அதை உடைக்க மூன்று கையெழுத்து வேண்டும் என்று புதிய விதியும் வந்தது. நாற்சில்லு நாள் அதன்பிறகு வண்டியை ஓட்டாமலே நடந்தது. முத்திரைக்குச் சூடம் காட்டினார்கள்.

லீவர் எங்கே நிற்கிறது என்று காத்தமுத்துவிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பொய் அவன் வாயில் வராது. ஆனால் சொல்லாமல் இருப்பது பாவமா என்று கோயிலில் மாரியம்மன் முன்னால் நின்று இரண்டு முறை கேட்டான். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. பத்து மணி இருக்கும். மேல்கணக்குக் கங்காணி பழனிமுத்து போனில் கத்தினார். தேயிலைச் செடிக்குள் இருந்த குளவிக்கூட்டில் யாருடைய கையோ பட்டுவிட்டது. எட்டுப் பேருக்குக் கொட்டு. அனுஷியாவின் தலையிலும் முகத்திலும் கணக்கில்லாமல் கொட்டியிருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிடத்தியிருக்கிறார்கள். மூச்சு இழுக்கிறது. கதிரை இறங்கும் குறுக்குப் பாதையில் குளவி கலைந்து திரிகிறது; தூக்கி வர முடியாது.

காத்தமுத்து பிரதாப்புக்கு எடுத்தான். மறுமுனையில் வடை மெல்லும் சத்தம் கேட்டது.

“சேர், மேல்கணக்குல குளவி கொட்டிருச்சுங்க. அனுஷியாவுக்கு மூச்சு வாங்குதாம். வண்டிய மேல எடுக்கணும்.”

“மேலயா? அது கடினப் பாதையாச்சே. கடினப் பாதைச் சான்று இருக்கா?”

“அத யாருங்க குடுக்கிறது?”

“நான்தான். நேர்ல வந்து பாத்துட்டுக் குடுக்கணும்.”

“அப்ப வாங்க சேர்.”

“எதுல வாறது? வண்டி உங்ககிட்டல்ல இருக்கு.”

மெல்லும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

“வேற வழி இல்லையாங்க?”

“இருக்கே. விதி ஒம்பது. வண்டி புதைஞ்சா, புதைஞ்சத படம் புடிச்சு அனுப்புங்க. சில்லு தெளிவாத் தெரியணும். பாத்துட்டு முத்திரைய உடைக்கலாமான்னு மூணு பேரும் கையெழுத்துப் போடுவோம்.”

“புதையலன்னா?”

“அப்ப ஃபோர்வீல் தேவையில்லன்னுதானே அர்த்தம்? எல்லாத்தையும் யோசிச்சுத்தான் எழுதிருக்கோம், காத்தமுத்து.”

காத்தமுத்து போனை வைத்தான். மூச்சுக்குழாயில் கட்டியிருந்த பேக்கைப் பிய்த்தெறிந்தான். அழுகிய மாலையையும் இழுத்துப் போட்டான். அது கையில் கூழாக ஒட்டியது. இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மூன்றாவது வளைவுவரை ஏறியது. அங்கே மலையிலிருந்து வழிந்த செம்மண் பாதை முழுதும் கிடந்தது. பின் சில்லுகள் அதே இடத்தில் சுற்றி, குழி தோண்டிக்கொண்டு இறங்கின.

குளவிக்குப் பயந்து பாதை வழியாக ஓடி வந்த பெண்கள் ஆறேழு பேர் எதிரே வந்தார்கள். முன்னால் சுப்பம்மா. அவள் கையிலும் இரண்டு கொட்டு, புடைத்திருந்தது. மழைக்குத் தலையோடு போர்த்திய கம்பிளி. முதுகில் கூடை இல்லை, எங்கோ போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“என்னாண்ணே, மஞ்சத்தண்ணி தெளிச்ச வண்டி சேத்துல குந்திருச்சா?”

காத்தமுத்து இறங்கிப் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

“அடப் பாவி மனுசா! அங்க ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறா. நீங்க வண்டிக்குக் கலியாணப் படம் புடிக்கிறீங்களா?”

“விதி, சுப்பம்மா.”

“யாரு விதி? அவ விதியா, உங்க சபை விதியா?”

படத்தை அனுப்பினான். படத்தின் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்தது. வளைவில் சிக்னல் இல்லை. ஒற்றைச் சரி ஒற்றைச் சரியாகவே இருந்தது. மேலே மடுவத்திலிருந்து ஒரு குழந்தை வீறிட்டழும் சத்தம் மலையில் பட்டு வந்தது.

காத்தமுத்து போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். வண்டிக்குள் எட்டி முத்திரையைப் பார்த்தான். கோணாமல், உடையாமல், சிவப்பாக இருந்தது. அதை அவன் தொடவில்லை. முன் சில்லின் அருகே சேற்றில் முழந்தாளிட்டான். ஹப்பின் மேலிருந்த மண்ணை விரலால் வழித்து, பிடித்து, முழுப் பலத்தோடு திருகினான். இரண்டு வருடமாகத் திரும்பாத பூட்டு. ‘டக்’ என்று விழுந்தது. மற்றப் பக்கமும் போய்த் திருகினான்.

ஏறி மிதித்தான். இந்த முறை முன் சில்லுகள் மண்ணைக் கவ்வின. வண்டி குழியின் விளிம்புவரை எழுந்து வந்து, இடப்பக்கம் வழுக்கிச் சரிந்தது. பெண்கள் பின்னால் தோள் கொடுத்தார்கள். மறுபடி எழுந்தது, மறுபடி வழுக்கியது.

சுப்பம்மா கம்பிளியை உருவினாள்.

“வேணாம் சுப்பம்மா, நாசமாகிரும்! போன மாசம்தானே எடுத்த?”

“எனக்கு மழை. அவளுக்கு உசிரு. மிதிங்க!”

முன் சில்லுக்கு அடியில் கம்பிளியைச் செருகினாள். சில்லு அதை இழுத்தது, கிழித்தது, பின்பக்கமாகத் துப்பியது. வண்டி ஏறிவிட்டது.

மடுவத்தில் அனுஷியாவை அவளுடைய தாயே அடையாளம் கண்டிருக்கமாட்டாள். கண் இருந்த இடமெல்லாம் வீக்கம். துஷாந்தினி தாயின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழனிமுத்துவும் இன்னொருவரும் தூக்கி வந்தபோது கட்டிலின் பிளாஸ்டிக்கில் அனுஷியாவின் உடம்பு வழுக்கியது. பின்னால் ஏறியிருந்த சுப்பம்மா நகத்தால் அதைக் கிழித்து வெளியே எறிந்தாள்.

“யாருக்குன்னு இத இத்தன நாளாப் பொத்தி வச்சிருந்தாங்க?”

புரியாணிக்கறையின் மேல் அனுஷியா கிடத்தப்பட்டாள். அந்தக் கட்டிலில் படுத்த முதல் நோயாளி.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, பெயர் கேட்பதற்கு முன்னால் ஊசியைப் போட்டாள். சிங்களத்தில் “பய வென்ட எபா நங்கி” என்று, பயப்படாதே தங்கச்சி என்று, வீங்கிய தலையைத் தடவிக்கொண்டே போட்டாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. இறைவன் அவளுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்.

அனுஷியாவின் மூச்சு சீரான நேரத்தில் காத்தமுத்துவின் போன் ஒலித்தது. படம் போய்ச் சேர்ந்து பதிலும் வந்திருந்தது: ‘படம் தெளிவில்லை. மீண்டும் புதைத்து எடுக்கவும்.’

மூன்றாம் நாள் விசாரணை. தலைவர், பிரதாப், உபகுழுவினர் ஐவர். மேசையில் முறுக்கு, பால்தேநீர். பிரதாப் கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் கொண்டுபோய் முத்திரையைப் பரிசோதித்து வந்தார்.

“முத்திரை உடையல. நூலும் அறுபடல.”

“லீவரத் தொட்டீங்களா காத்தமுத்து?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லீங்க ஐயா.”

“அப்ப வண்டி எப்படி ஏறிச்சு?”

“எறங்கி முன் வீல் ரெண்டுலயும் ஹப்பத் திருகினேங்க. பொம்பளையாளுங்க தள்ளினாங்க. சுப்பம்மா கம்பிளியப் போட்டாங்க.”

தலைவர், குறிப்பு எழுதிக்கொண்டிருந்த உபகுழுக்காரரின் பக்கம் திரும்பினார்.

“சாரதி இறங்கிச் சில்லுகளைச் சரிபார்த்தார் என்று போடுங்க. பொம்பளையாளுங்க விசயம் அவசியமில்ல.”

பிறகு எழுந்து நின்றார். எட்டுப் பேர் மட்டுமே இருந்த அறையில் அவர் குரல் மைதானத்துக்குப் பேசுவது போல இருந்தது.

“நண்பர்களே, ஒரு மாபெரும் உண்மை இங்கே நிரூபணமாகியிருக்கிறது. லீவரைத் தொடாமலே எங்கள் ஊர்தி மேல்கணக்கு ஏறியிருக்கிறது. அப்படியானால் இந்த நான்கு சில்லு இயக்கம் என்பது தேவையே இல்லாத ஆடம்பரம்! இரண்டு வருடமாக நாங்கள் அதைப் பயன்படுத்தாமல் காத்தது எவ்வளவு தூரநோக்கு! ஊர்தி பழுதடையாமல் இருந்ததற்கு ஒரே காரணம், நாங்கள் அதைப் பயனாளிகளிடமிருந்து பாதுகாத்ததுதான்.”

அவர் சொன்னதை அவரே கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். கேட்கவில்லை. மற்றவர்கள் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். ஒருவர் வாயிலிருந்து முறுக்குத் தூள் கோப்பின் மேல் தெறித்தது. அதை அனுஷியாவின் பெயர் இருந்த பக்கத்தாலேயே துடைத்தார்கள்.

தீர்மானங்கள் நிறைவேறின. லீவர் இப்போது இருக்கும் நிலையிலேயே நிரந்தரமாக முத்திரையிடப்படும். முத்திரையின் உறுதிக்காகப் பிரதாப்புக்குப் பொன்னாடை. சேற்றுக்காகவும் கிழிந்த பிளாஸ்டிக்குக்காகவும் காத்தமுத்து எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

இருக்கும் நிலையிலேயே என்ற சொற்களைக் கேட்டபோது காத்தமுத்து தலை குனிந்துகொண்டான். லீவர் இனி எப்போதும் ஃபோர்வீலிலேயே நிற்கும்; எந்த நாளும் அவன் இறங்கி இரண்டு ஹப்பைத் திருகினால் போதும். சிரித்துவிடக்கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டான்.

“ஐயா, ஒரு விசயம். சுப்பம்மாவோட கம்பிளி நாசமாப் போச்சுங்க. சபையில இருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தா…”

பிரதாப் பட்டியலைப் பார்த்தார்.

“வாகன உதிரிப்பாகத்துல கம்பிளி இல்லையே. சில்லுக்கு அடியில போறதுக்கு முந்தி எடுத்த படம் இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப அது முந்தியே கிழிஞ்சிருந்துச்சா இல்லையான்னு எப்படி முடிவெடுக்கிறது?”

அந்தக் கிழமை முழுதும் மழை. சுப்பம்மா உரப்பையைக் கத்தரித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலைக்குப் போவதைக் காத்தமுத்து இரண்டு நாள் பார்த்தான். அவனைக் கண்டதும் அவள், “என்னாண்ணே, விளக்கம் எழுதியாச்சா?” என்று மட்டும் கேட்டுச் சிரித்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனான். கபூர் நானாவின் கடையில் கம்பிளிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தான்.

“யாருக்கு காத்தமுத்து, வீட்டுக்கா?”

“மலைக்கு நானா. மழை உள்ளுக்கு எறங்காததாப் பாத்துக் குடுங்க.”

ஜீப் சுத்தமாகக் கழுவப்பட்டுக் காரியாலயத்து முன்னால் நின்றது. அவன் நடந்தே ஏறினான். குளவிகள் போய்விட்டிருந்தன. மூன்றாவது வளைவில் தன் சில்லுகள் தோண்டிய குழியை யாரோ கல் போட்டு நிரப்பி மிதித்துவிட்டிருப்பதைக் கண்டு சற்று நின்றான்.

மேல்கணக்கு லயத்தில் ஆளில்லை. பெரியவர்கள் மலையில், சிறுசுகள் தோட்டம் பிள்ளை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில். சுப்பம்மாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. விலை ஒட்டிய கடதாசியை நகத்தால் சுரண்டி எடுத்தான். கம்பிளியைச் சுருட்டி, நூலால் கதவு வளையத்தில் கட்டினான். இழுத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

கொழுந்துச் சாக்கு சரியாமல் லொறிக்காரன் போடும் முடிச்சு. பத்தொன்பது வருடத்துப் பழக்கத்தில் கை தானாகப் போட்டிருந்தது. அந்த முடிச்சைத் தோட்டத்தில் வேறு யாரும் போடுவதில்லை. சுப்பம்மாவுக்கு அது தெரியும்.

திரும்பி வந்து அவிழ்த்தான். எல்லாரும் போடுகிற மாதிரி, சாதாரணமாக ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினான்.